சேவைக்கும் ஒரு பட்டமா?

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆனி மாதத்தில், ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள சங்கம் ஒன்றின் மகாசபைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பெற்று, அங்கத்தினர்களின் கேள்விகளுக்குக் காரியதரிசி விடையிறுத்து முடித்தபின், சாமை பயிரிடும் பெரியவர் ஒருவர் எழுந்து நின்றார். அவர் கேட்டது சங்கக் கணக்கைப் பற்றியதன்று.

“சார், என் பேத்தி பன்னிரண்டாவது தேறிவிட்டது. சமூக சேவைக்குப் படிக்கப் போகிறேன் என்கிறது. நாலு பேருக்கு நல்லது செய்ய மனசு இருந்தால் போதாதா? அதற்கும் மூன்று வருஷம் காலேஜில் பணம் கட்ட வேண்டுமா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்” என்றார்.

சபையில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். “பெரியவரே, பி.காம். படிப்பில் சேர்த்துவிடுங்கள், வங்கி வேலைக்காவது உதவும்” என்று கூறிவிட்டு அமர்ந்தேன். அவ்வாறு கூறியது எத்துணைப் பிழை என்பதை அறிய எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. அந்தப் பெண் என் யோசனையைக் கேட்கவில்லை என்பது நம் சங்கத்தின் நற்பேறு. அப்பெரியவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இப்பொழுது எழுத முற்படுகின்றேன். நம் அங்கத்தினர்களில் நெசவாளரும் உளர், குடியானவரும் உளர். இவ்வாண்டும் பல இல்லங்களில் இதே கேள்வி எழக்கூடுமாதலின், இது எல்லோருக்கும் பொதுவான விடையாகுக.

பெரியவர் கேட்டது அற்பமான கேள்வியன்று. பசித்தவனுக்குக் கஞ்சி வார்க்கவும், நோயாளியைக் கட்டிலோடு தூக்கி மலையிறக்கவும் நம் மலைமக்கள் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. பாவு ஓடாத மழைநாளில் அண்டை வீட்டு நெசவாளிக்கு அரிசி கடன் கொடுக்கும் தறிக்காரருக்கும் எவரும் பாடம் சொல்லித் தரவில்லை. அப்படியிருக்கச் சேவைக்குப் பட்டம் எதற்கு?

இதற்கு நம் இயக்கத்தின் வரலாற்றிலேயே விடை இருக்கின்றது. ஜெர்மனி நாட்டில் ராய்ஃபைசன் என்பவர் சிற்றூர்களின் தலைவராக இருந்தார். 1846-47-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பஞ்சம் வந்தபோது, வசதியுள்ளோரிடம் பொருள் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க வழி செய்தார். அதன்பின் சில ஆண்டுகள் செல்வரின் பொருளுதவியைக் கொண்டே சங்கங்களை நடத்திப் பார்த்தார். கொடுப்பவர் சலித்தால் உதவி நின்றுவிடுகிறது என்பதையும், பெறுபவர் என்றும் பெறுபவராகவே இருந்துவிடுகிறார் என்பதையும் கண்டார். ஆகவே கடன் பெறுவோரே அங்கத்தினராகவும் பொறுப்பாளராகவும் இருக்கும் சங்கத்தை 1864-இல் ஹெடஸ்டார்ஃப் என்னும் ஊரில் அமைத்தார். அவருடைய முறையை ஆராய்ந்த சென்னை மாகாண அதிகாரி நிக்கல்சன், அது நம் நாட்டிற்கு ஏற்றதென 1895-இலும் 1897-இலும் அறிக்கை தந்தார். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. ரொட்டி கொடுத்த கைகளே பின்னர்ச் சங்கம் கட்டின. இடையில் நிகழ்ந்தது என்ன? இரக்கம் மட்டும் போதாது, முறையும் வேண்டும் என்னும் தெளிவு பிறந்தது. தருமத்திற்கும் சமூகப் பணிக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. ஒருவனுடைய பசியை இன்று ஆற்றுவது தருமம். அவன் ஏன் மீண்டும் மீண்டும் பசிக்கின்றான் என்று அவனோடு அமர்ந்து ஆராய்ந்து, அவனைக் கொண்டே அதற்கு வழி காண்பது சமூகப் பணி.

நம் நாட்டில் இப்பயிற்சிக்கென முதற் கல்வி நிலையம் 1936-இல் பம்பாயில் தாராப்ஜி டாட்டா அறநிதியின் உதவியால் தோன்றிற்று. அதுவே பின்னர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. சென்னையில் திருமதி மேரி கிளப்வாலா ஜாதவ் அவர்களின் முயற்சியால் 1952-இல் சென்னைச் சமூகப் பணிக் கல்லூரி நிறுவப்பெற்றது. ஆயின் நம் பகுதி இவ்வகைத் தொண்டினை அதற்கு முன்பே கண்டது. 1921-இல் மருத்துவர்கள் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னெஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவி, எளியோரிடையே வாழ்ந்து மருத்துவத் தொண்டாற்றினர். அதே திருப்பத்தூரில் 1951-இல் தோன்றிய தூய நெஞ்சக் கல்லூரியில் இன்று சமூகப் பணித் துறையும் உண்டு. ஆகவே இக்கல்வி எங்கோ தொலைவிலுள்ள பொருளன்று; மலையிறங்கினால் எட்டும் தொலைவினதே.

இளநிலைப் பட்டத்திற்குரிய மூன்றாண்டுகளில் என்ன கற்பிக்கின்றனர்? சமூகவியல், உளவியல், சமூகச் சட்டங்கள் ஆகியவை வகுப்பறைப் பாடங்கள். தனி மனிதரோடு பணியாற்றுதல், குழுவோடு பணியாற்றுதல், ஊரை ஒருங்கு திரட்டுதல், நல நிறுவனங்களை நிர்வகித்தல், ஆராய்ச்சி, சமூக நியாயத்திற்கான செயல் என்பன பணிமுறைகள். இவற்றினும் முக்கியமானது களப்பணி. வாரத்தில் பொதுவாக இரண்டு நாட்கள் மாணவர் மருத்துவமனைக்கோ, குழந்தைகள் இல்லத்திற்கோ, சிற்றூருக்கோ அனுப்பப்பெறுவர். அங்குக் கண்டதையும் செய்ததையும் குறிப்பேட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். “நீ ஏன் இப்படிக் கேட்டாய்? அவர் சொன்னதை எழுதினாயா, நீ நினைத்ததை எழுதினாயா?” என்று ஆசிரியர் வினவுவார். தறியில் அமர்ந்து பழகாமல் நெசவு வராது; அதுபோலக் களத்தில் இறங்காமல் இப்படிப்பு நிறைவுறாது.

இனி என் அனுபவத்திற்கு வருகின்றேன். அந்தச் சங்கத்தில் தவணை தவறிய கடன்காரர் பட்டியல் ஒன்று நெடுநாளாக என் மேசையில் இருந்தது. முப்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொரு முறையும் அப்பட்டியலைப் பார்த்து, “வசூல் நடவடிக்கை துரிதப்படுத்தப்பட வேண்டும்” என்று எழுதிக் கையொப்பமிட்டு வந்தேன். அவ்வாசகத்தை எத்தனை முறை எழுதினேன் என்பது எனக்கே நினைவில்லை. ஒரு விடுமுறையில் அப்பெரியவரின் பேத்தி சங்கத்திற்கு வந்தாள். அவள் அப்பொழுது இரண்டாம் ஆண்டு மாணவி. “சார், இந்த வீடுகளுக்கு நான் போய் வரலாமா? என் களப்பணிக் குறிப்பேட்டிற்கும் உதவும்” என்று கேட்டாள். நிர்வாக சபையார் ஒப்பினர். நானும் அரை மனத்தோடு ஒப்பினேன்.

மூன்று வாரம் அவள் நடந்தாள். ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. கணவனும் மனைவியும் குழந்தைகளோடு காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தனர். மற்றொரு வீட்டில் கணவன் செம்மர வழக்கில் ஆந்திரச் சிறையில் இருந்தான். அவன் பேரில் கடன் இருப்பதே மனைவிக்குத் தெரியாது. வேறொருவர் விதைக்கும்போதே வியாபாரியிடம் முன்பணம் பெற்றிருந்ததால், விளைந்த சாமை முழுவதும் களத்திலிருந்தே வியாபாரியின் வண்டியில் ஏறிவிட்டது. ஒரு விதவைக்குக் கணவரின் இறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அது இன்றி உதவித்தொகை விண்ணப்பமும் நகரவில்லை, கடன் கணக்கும் நேராகவில்லை. கையில் பணம் இருந்தும் கட்டாதவர் இருவர் இருந்தனர். அதையும் அவள் மறைக்காமல் கூறினாள்.

ஆனால் இரண்டு வீடுகளைப் பற்றி மட்டும் அவள் ஒன்றும் கூறவில்லை. “அவர்கள் சொன்னதை வெளியே சொல்ல அவர்கள் சம்மதிக்கவில்லை, சார்” என்றாள். எனக்குச் சினம் வந்தது. அரசாங்க அலுவலரிடம் மறைப்பதா என்று கேட்டேன். அவள் அமைதியாக, “மற்றவர்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் உங்களிடம் சொன்னேன். இவர்கள் வேண்டாம் என்றார்கள். நான் சொல்லிவிட்டால் அடுத்த முறை இந்த மலையில் யாரும் எனக்குக் கதவு திறக்க மாட்டார்கள்” என்றாள்.

அன்று இரவு உறங்குமுன் இதை நெடுநேரம் எண்ணினேன். நல்ல மனம் மட்டும் உடையவர் அவ்வாறு செய்திருப்பாரா? பரிவின் மிகுதியால் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டியிருப்பார். அல்லது எனக்கு அஞ்சிக் கூறியிருப்பார். எவர் சொன்ன துன்பம் அவருக்கே உரியது, அவர் இசைவின்றி அதைப் பிறர்பால் எடுத்துரைக்கலாகாது என்னும் நெறியை அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உரிய அந்த ஒழுக்கம் ஊர்ப் பணியாளருக்கும் வேண்டும் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. பரிவு பாவு என்றால், பயிற்சி ஊடை. பாவு மட்டும் நீண்டு கிடந்தால் அது துணியாகாது.

அதன்பின் பட்டியலை மூன்றாகப் பிரித்தோம். இயலாதவருக்கு விதிகள் இடந்தரும் அளவில் கால நீட்டிப்புக் கோரப்பட்டது. விதவையின் சான்றிதழுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் உடன் சென்றது அப்பெண்ணே. பணம் இருந்தும் கட்டாதவருக்கு முறைப்படி அறிவிப்பு அனுப்பப்பட்டது. எல்லாம் நேராகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சிலர் கணக்கு நேராயிற்று. பலருடையது இன்றும் நிலுவையில்தான் இருக்கின்றது. ஆயினும் முன்பு பெயர்களாக மட்டும் இருந்தவர்கள் இப்பொழுது எனக்கு மனிதர்களாகத் தெரிகின்றனர். என் குறிப்பில் அந்தப் பழைய வாசகத்தை நான் எழுதுவதில்லை.

ஜவ்வாது மலையின் நிலையை அறிந்தவர்க்கு இப்பணியின் அவசரம் விளங்கும். 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தினர்; இம்மலையினரும் இருந்தனர். மரம் வெட்டச் செல்வது குற்றமென்று சட்டம் சொல்லும். எந்தத் தரகர் எந்த முன்பணத்தைக் காட்டி அழைத்துச் சென்றார், வீட்டில் எந்தக் கடன் அவரைப் போகச் செய்தது என்பதை ஊரிலிருந்து கேட்டறிந்து, அடுத்தவர் போகாமல் தடுப்பது யாருடைய வேலை? காவலருடையதன்று, வனத்துறையினருடையதும் அன்று. அது சமூகப் பணியாளரின் வேலை. நம் சங்கத்தின் வேலையும் ஆகும்.

இக்கல்விக்கு எதிராக அங்கத்தினர்கள் கூறும் தடைகளையும் நேர்மையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, வருவாய். இளநிலைப் பட்டம் பெற்றவுடன் பெரிய சம்பளம் வரும் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். மருத்துவமனைகளிலும் பெரிய நிறுவனங்களிலும் உள்ள நல்ல பதவிகள் பெரும்பாலும் முதுநிலைப் பட்டத்தை எதிர்பார்க்கின்றன. தொண்டு நிறுவன வேலைகளில் பல, திட்டம் முடிந்தால் முடிந்துவிடும் ஒப்பந்த வேலைகள். வழக்கறிஞர்களுக்குப் பார் கவுன்சில் இருப்பதுபோல் சமூகப் பணியாளர் அனைவருக்குமென நாடு தழுவிய சட்டமுறை மன்றம் ஏற்படவில்லை. மருத்துவச் சமூகப் பணியாளரும் மனநலச் சமூகப் பணியாளரும் 2021-ஆம் ஆண்டுத் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றுள்ளனர். இவை குறைகளே. ஆனால் இதுவும் ஒரு பட்டம். ஏதேனும் ஒரு பட்டம் போதுமென்னும் அரசுத் தேர்வுகளுக்கு இதனைக் கொண்டும் விண்ணப்பிக்கலாம். பி.காம். படித்தவர் அனைவருக்கும் வங்கியில் நாற்காலி காத்திருக்கிறதா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கந்துக் கடன் வாங்கி எந்தப் படிப்பிலும் சேர வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இரண்டாவது, படித்தவர் மலைக்குத் திரும்பமாட்டார் என்பது. திரும்பாதிருக்கக் கூடும். ஆனால் திரும்பி வந்தால் அவருக்கு நாம் என்ன இடம் வைத்திருக்கிறோம்? இம்மலையின் புலியூரைச் சேர்ந்த வி. ஸ்ரீபதி என்னும் மலையாளி பழங்குடிப் பெண், மகப்பேறு முடிந்த சில நாட்களிலேயே சென்னை சென்று தேர்வெழுதி, உரிமையியல் நீதிபதியாகத் தேர்வு பெற்ற செய்தியை 2024 பிப்ரவரியில் நாடெங்கும் போற்றினர். அவர் எந்த ஊர் நீதிமன்றத்தில் அமர்ந்தாலும் மலைப் பெண் ஒருத்தி நீதிபதியாகலாம் என்னும் நம்பிக்கை இம்மலையில் நிலைத்துவிட்டது. படித்தவர் எங்கிருந்தாலும் அவர் கல்வி ஊருக்கு முற்றிலும் வீணாவதில்லை.

மூன்றாவது, பாடங்கள் அயல்நாட்டவை என்பது. இதில் உண்மை உண்டு. 1889-இல் சிகாகோ நகரில் குடியேறிய ஏழைகளுக்காக ஜேன் ஆடம்ஸ் அம்மையார் அமைத்த இல்லத்தையும், 1917-இல் மேரி ரிச்மண்ட் அம்மையார் எழுதிய நூலையும் படித்துவிட்டு, ஜமுனாமரத்தூர்ச் சந்தையையும் வீரப்பனூர்ச் சாமைக் காட்டையும் அறியாமல் ஒருவர் பட்டம் பெறலாம். இக்குறையைப் போக்க வழி, மாணவரைக் களப்பணிக்கு நம்மிடம் அழைப்பதே. அயல்நாட்டு ராய்ஃபைசனின் முறையை நம் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட நமக்கு இது அரிய செயலன்று.

ஆகவே சங்கங்கள் செய்யத்தக்கவை என்று நான் கருதுவனவற்றைச் சொல்லி முடிக்கின்றேன்.

முதலில், ஒவ்வொரு சங்கமும் அருகிலுள்ள கல்லூரியின் சமூகப் பணித் துறைக்குக் கடிதம் எழுதி, களப்பணிக்கு மாணவரை ஏற்க இசைவு தெரிவிக்க வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. அமர ஓர் இடமும், வழிகாட்ட ஒரு நிர்வாகியும் போதும். கடன் பட்டியலை மட்டும் தராமல், நெசவாளர் குடும்பங்களில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள், முன்பணத்தில் சிக்கிய குடும்பங்கள் ஆகியவற்றையும் ஆராயப் பணிக்க வேண்டும். ஆரணிப் பட்டுத் தறிக்கும் இம்மலைச் சாமைக் காட்டிற்கும் தொழில் வேறாயினும், முன்பணம் என்னும் கயிறு ஒன்றே.

அடுத்து, 1844-இல் ராச்டேல் நகரில் கூடிய முன்னோடிகளுள் நெசவாளர்கள் இருந்தனர் என்பதை நாம் பெருமையுடன் கூறுகின்றோம். அவர்கள் நிகர ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நம் சங்கங்களில் ஆதாயம் வரும் ஆண்டுகளில், சட்டமும் துணைவிதிகளும் இடந்தரும் பொதுநல நிதியிலிருந்து, அங்கத்தினர் பிள்ளை ஒருவரின் புத்தகத்திற்கும் பயணத்திற்கும் உதவ மகாசபையில் தீர்மானம் கொண்டுவரலாம். தொகை சிறிதாயினும், ஊரே தன்னை அனுப்பியது என்னும் எண்ணம் அப்பிள்ளையை மலையோடு பிணைக்கும்.

இறுதியாக, சான்றிதழ்கள். மலைப் பிள்ளைகள் பலரின் கல்லூரிக் கனவு வீழ்வது தேர்விலன்று. சாதிச் சான்றிதழ் உரிய காலத்தில் கிடைக்காமையாலேயே. அஃதின்றிப் பழங்குடியினருக்குரிய கல்வி உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் கைக்கு எட்டா. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் ஓடுவதைவிட, பதினோராம் வகுப்பிலேயே விண்ணப்பிக்கச் சங்கக் காரியதரிசி நினைவூட்டலாம். அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்கென 2022-இலும், பையன்களுக்கென 2024-இலும் தொடங்கப்பெற்ற மாதம் 1000 ரூபாய் உதவித் திட்டங்களைப் போன்றவை அவ்வவ்வாண்டில் எந்நிலையில் உள்ளன என்பதையும் விசாரித்துச் சங்கப் பலகையில் எழுதி வைக்கலாம். கல்லூரியில் உள்ளது இளநிலைப் படிப்பா முதுநிலைப் படிப்பா, பல்கலைக்கழக அங்கீகாரம் உண்டா என்பதையும் பணம் கட்டுமுன் கேட்டறிதல் வேண்டும்.

அந்தப் பெண் இவ்வாண்டு இறுதித் தேர்வு எழுதியிருக்கிறாள். மேலே படிப்பாளா, வேலைக்குப் போவாளா என்பது இன்னும் முடிவாகவில்லை. முதுநிலைப் படிப்பிற்குப் பணம் வேண்டும். வீட்டில் தம்பி இருக்கிறான். சாமைக்கு விலை நன்றாக இல்லை. அவள் தாத்தா சென்ற வாரம் சங்கத்து வாசலில் என்னைக் கண்டு, “சார், பேத்தி படித்து முடித்துவிட்டது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். இம்முறை நான் சிரிக்கவில்லை. வரும் மகாசபையில் பொதுநல நிதித் தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு நிர்வாக சபைக்கு எழுதியிருப்பதாகச் சொன்னேன். தீர்மானத்தை நிறைவேற்றுவது அங்கத்தினர்களாகிய உங்கள் கையில் இருக்கின்றது. அன்று கூட்டத்திற்குத் தவறாமல் வாருங்கள்.